கேட்டைப் பார்த்த கோல்கீப்பர்

தம்பி,

நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்க மாட்டேன். காலையில்தான் வாட்ஸப்பில் உன் முகத்தைப் பார்த்தேன். மூக்கடைப்பு, மழிக்காத தாடி, பின்னால் நாற்காலியில் காயப்போட்ட சட்டை, எல்லாம் தெரிந்தது. நீ ஸ்பெயினுக்குப் போய் முப்பத்தாறு நாள் ஆகிறதாம். உன் அம்மா எண்ணுகிறாள். நான் எண்ணுவதில்லை, அவள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன். போனில் நாம் இரண்டு பேரும் "சாப்டியா", "சாப்டேன்", "குளிரா", "குளிர்தான்" என்பதைத் தாண்டுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. பிழை இருக்கும். நீ ஷார்ஜா பள்ளிக்கூடத்தில் தமிழை இரண்டாம் பாடமாகப் படித்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன், உனக்குப் பிழை தெரியப்போவதில்லை என்பது எனக்கு ஒரு சௌகரியம்.

முதலில் நல்ல சேதி. உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த அன்றிலிருந்து எனக்கு நன்றாகப் பசிக்கிறது. "புள்ளைய அனுப்பிட்டு நாலாவது தோசை கேக்குற அப்பனை இப்பத்தான் பாக்குறேன்" என்கிறாள் உன் அம்மா. காரணம் அவளுக்கும் தெரியும், இருந்தாலும் சீண்டுகிறாள். பத்து வருஷமாக ஒரு பொய் என் தொண்டையில் மீன் முள்ளாய்க் கிடந்தது. பதினேழு வயதிலேயே நீ ஸ்பெயினுக்குப் போயிருக்க வேண்டியவன். உன் பாஸ்போர்ட்டை ஒளித்துவைத்து உன்னைப் போகவிடாமல் செய்தவன் நான். இந்த முறை நீ கிளம்பும்போதாவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொன்னால் நீ என்னை "அப்பா" என்று கூப்பிடுவது அத்தோடு நின்றுபோகுமோ என்றும் இருந்தது. கடைசியில் காரில் சொல்லிவிட்டேன். நீ சிரித்தாய். நீ சிரித்ததும் எனக்கு உயிர் வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

ஆனால் தம்பி, காரில் நான் சொன்னது முழுசு இல்லை. ஒரு கண் ரோட்டில், ஒரு கண் உன் மேல், நடுவில் ஒரு பஜேரோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். பாதிதான் வாயில் வந்தது. மீதி ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது. அது உனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் நூறு வருஷத்துக்கு முன்னால் பந்து ஆடிய ஒரு ஸ்பெயின்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகவே ஆரம்பத்திலிருந்தே வருகிறேன். உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்.

அப்போது கம்பெனி என்னை ஒரு ஸ்பெயின் எஞ்சினியர் வீட்டுக்கு டிரைவராகப் போட்டிருந்தது. நாம் அஜ்மானில் இருந்தோம், வாடகை அங்கேதான் கட்டுப்படியானது. விடியும் முன் கிளம்பி துபாய் போய், எஞ்சினியரை சைட்டில் விட்டு, அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, அவர் மனைவியை எங்கே சொல்கிறாளோ அங்கே விட்டு, திரும்ப அதே வரிசையில் எல்லோரையும் பொறுக்கிச் சேர்த்து வீட்டில் இறக்குவேன். வெள்ளிக்கிழமை பொது விடுமுறை என்றால் டிரைவருக்கு அன்றைக்குத்தான் டியூட்டி அதிகம். அவர்கள் கடற்கரைக்குப் போவார்கள், ஹோட்டலுக்குப் போவார்கள். நீ வெள்ளிக்கிழமைகளில் பேச்சுலர் பையன்களோடு ஏழு பேர் ஆட்டம் ஆடுகிறாய், கோலில் நிற்கிறாய் என்பதெல்லாம் உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அழுக்குச் சட்டையைப் பார்ப்பேன், முழங்கைச் சிராய்ப்பைப் பார்ப்பேன். ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

அங்கேதான் உன் கோச் உன்னைப் பார்த்தார். அவரும் ஸ்பெயின்காரர். துபாயில் அவர்களுக்கா பஞ்சம். அகாடமியில் காசு வாங்காமல் உன்னைச் சேர்த்துக்கொண்டார், நீ வாரம் மூன்று நாள் பஸ் பிடித்துப் போய் வந்தாய். ஒரு சாயங்காலம் உன் அம்மா பூரி போட்டுக்கொண்டிருக்கும்போது ஓடி வந்து சொன்னாய். ஆறு பையன்களை அவர் நாட்டுக்கு மூன்று வாரம் கூட்டிப்போகிறார்கள், ஒரு கிளப்பில் வைத்துப் பார்ப்பார்கள், தேறினால் அங்கேயே வைத்துக்கொள்வார்கள், டிக்கெட்டும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. நாம் கொடுக்க வேண்டியது பாஸ்போர்ட் மட்டும். நீ சொல்லி முடிக்கக்கூட இல்லை. நான் பூரியைப் பிய்த்துக்கொண்டே, "பாஸ்போர்ட் ஸ்டாம்பிங்குக்குப் போயிருக்கேடா, பிஆர்ஓ கைல இருக்கு" என்றேன்.

அந்த நாளில் இந்த நாட்டில் இதைவிடப் பத்திரமான பொய் கிடையாது. தங்கச்சி கல்யாணத்துக்குப் போகாதவனும் சொல்வான், அப்பன் சாவுக்குப் போக முடியாதவனும் சொல்வான். எல்லோரும் சொல்லி எல்லோரும் நம்புகிற காரணம் அது. கம்பெனியில் விசா வேலை பார்க்கிற பிஆர்ஓ கைக்குப் போன பாஸ்போர்ட் எப்போது திரும்பும் என்று கம்பெனிக்கும் தெரியாது, கடவுளுக்கும் தெரியாது. நீ ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. "எப்ப வரும்பா?" என்றாய். "சொல்ல முடியாது" என்றேன். நீ போய்க் கை கழுவினாய். உன் அம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாஸ்போர்ட் எந்தப் பெட்டியில் எந்தச் சேலைக்கு அடியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நீ வெளியே போன பிறகு, "இது பாவம்ங்க" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை நான் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கம்பெனிக் காரின் டேஷ்போர்டுக்குள், வண்டிப் புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். வீட்டில் இருந்தால் அவள் உன்னிடம் கொடுத்துவிடுவாள் என்று பயம். இருபது நாளைக்கு மேல் உன் பாஸ்போர்ட் என்னோடு துபாயைச் சுற்றிப் பார்த்தது.

ஏன் செய்தேன் என்று காரில் நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உனக்குப் பதினெட்டு ஆக நாலு மாசம்தான் இருந்தது. பதினெட்டு முடிந்தால் பையன் அப்பன் விசாவில் இருக்க முடியாது, காலேஜில் சேர்த்தால்தான் நீட்டிக்கொடுப்பார்கள். அந்த மூன்று வாரத்துக்குள்தான் டிப்ளமோ அட்மிஷன் வந்தது. நீ போய், அங்கே தேறாமல் திரும்பி வந்தால், பந்தும் இல்லை, படிப்பும் இல்லை, விசாவும் இல்லை, ஊருக்குத்தான் அனுப்ப வேண்டும். பிறந்ததிலிருந்து நீ ஊரில் சேர்ந்தாற்போல் இரண்டு மாசம் இருந்ததில்லை. இது நான் எல்லோரிடமும் சொல்லக்கூடிய காரணம். சொல்லக்கூடாத காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு டிரைவர் மகனை வெள்ளைக்காரன் ஊரில் கோலில் நிறுத்துவார்கள் என்று நான் நம்பவில்லை. உன் ஆட்டத்தை ஒரு நாள்கூடப் பார்க்காமல் உன்னை அளந்து மூட்டை கட்டிவிட்டேன். உன் மேல் சந்தேகம் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால் என் மேல்தான் சந்தேகம் போலிருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில்தான் எஞ்சினியரின் அப்பா வந்து தங்கினார். எண்பது வயதுப் பெரியவர். மெலிந்துகொண்டே வந்தார், கால்சட்டை எல்லாம் இடுப்பில் நிற்கவில்லை. சத்வாவில் ஒரு தையல்காரரிடம் பிடித்துத் தைக்கக் கொடுக்க மத்தியானத்தில் அவரைக் கூட்டிப்போவேன். பின்சீட்டில் உட்கார மாட்டார், முன்னால் என் பக்கத்தில்தான். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல, அதனால் நன்றாகப் புரிந்தது. ஒரு நாள் மூக்கு துடைக்க டிஷ்யூ தேடினார். நான் "வெயிட் சார்" என்று சொல்வதற்குள் டேஷ்போர்டைத் திறந்துவிட்டார். கையில் உன் பாஸ்போர்ட். விரித்துப் பார்த்து, "உன் மகனா? கை நீளமான பையன் மாதிரி இருக்கிறானே, என்ன செய்கிறான்?" என்றார். போட்டோவில் கை எங்கே தெரியும், கழுத்தைப் பார்த்துச் சொன்னாரோ என்னவோ. "ஃபுட்பால் சார். கோல்கீப்பர்" என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், தேவையில்லாமல் ஹாரன் அடித்தேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை இருந்த இடத்தில் வைத்து மூடிவிட்டு, "என் அப்பாவும் கோல்கீப்பர்தான்" என்றார்.

அவர் அப்பாவின் பெயர் என் வாயில் நுழையாது. நான் "யுவர் ஃபாதர்" என்பேன், அவர் "மை ஃபாதர்" என்பார், கதை ஓடும். வடக்கே ஒரு துறைமுக ஊராம். மலையிலிருந்து இரும்புக் கல்லை வெட்டிக் கொண்டுவந்து இங்கிலீஷ்காரன் கப்பலில் ஏற்றுவார்கள். கப்பல் காத்திருக்கிற நேரத்தில் மாலுமிகள் கரையில் பந்து ஆடுவார்கள். அந்த ஊரில் அதற்கு முன் யாரும் பந்து பார்த்ததில்லை. பந்து தண்ணீரில் விழாமல் பிடித்துக் கொடுக்கிற பையன்களில் ஒருவன் பெரியவரின் அப்பா. பிடித்துப் பிடித்தே கோல்கீப்பர் ஆகிவிட்டார். இவருடைய அப்பா துறைமுகத்தில் மேஸ்திரி, கறாரான ஆள். குட்டைக் கால்சட்டை போட்டுக்கொண்டு பெரியவர்கள் ஊர் பார்க்க ஓடுவது அவருக்கு மானக்கேடு. மகனை ஒரு கப்பல் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டு, அத்தோடு பந்து கலாஸ் என்று நினைத்துக்கொண்டார்.

மகன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் மைதானத்துக்குப் போய்விடுவார். பேப்பரில் ஆட்டக்காரர்கள் பட்டியல் வரும் என்பதால் வேறு பெயர் கொடுத்திருந்தார். நாலு வருஷம் அந்தப் பெயரிலேயே ஆடினாராம். ஊருக்கே தெரியும், மேஸ்திரி ஒருவருக்குத்தான் தெரியாது. பெரியவர் இதைச் சொல்லிவிட்டுச் சிக்னலில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் டேஷ்போர்டைப் பார்க்காமல் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே மகன் அப்பனுக்குத் தெரியாமல் பெயரை ஒளித்திருக்கிறான், இங்கே அப்பன் மகனுக்குத் தெரியாமல் பாஸ்போர்ட்டை ஒளித்திருக்கிறான்.

அந்தக் காலத்து ஆட்டம் உனக்குச் சிரிப்பாக இருக்கும். கிளவுஸ் கிடையாது, தலையில் ஒரு கம்பளித் தொப்பி. பந்து தோல், மேலே வார் போட்டு இறுக்கியிருக்கும், மழையில் ஊறினால் கல். கோல்கீப்பர் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றால் எதிராளி தோளால் இடித்து ஆளையும் பந்தையும் சேர்த்துக் கோலுக்குள் தள்ளலாம், அதுவும் கணக்கில் கோல்தானாம். விலா எலும்பு இரண்டு, காறை எலும்பு ஒன்று, விரல்கள் எத்தனை என்று கேட்காதே. சம்பளம் கிடையாது. ஆட்டக்காரர்களே கிளப்புக்குச் சந்தா கட்ட வேண்டும், சட்டையைத் தாங்களே துவைக்க வேண்டும். வெளியூர் ஆட்டம் என்றால் துணியில் சுற்றிய உருளைக்கிழங்கு முட்டையடை எடுத்துக்கொண்டு மரப்பலகை ரயிலில் போவார்கள். திங்கட்கிழமை காலை ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். உட்கார முடியாத அளவுக்கு வலி இருந்தால் நின்றுகொண்டே கணக்கு எழுதுவாராம். "எதற்காக இவ்வளவு பாடு சார்?" என்று கேட்டேன். பெரியவர் யோசித்துவிட்டு, "பந்து கைக்கு வந்து சேர்கிற அந்தச் சத்தத்துக்காக என்று சொல்வார்" என்றார்.

அதற்குள் உங்கள் ஆறு பேர் டீம் ஐந்து பேராகக் கிளம்பிப் போய்விட்டது. அந்த மாசக் கடைசியில் நான், "வந்துடுச்சுடா, பிஆர்ஓ குடுத்துட்டான்" என்று உன் பாஸ்போர்ட்டை டேபிளில் வைத்தேன். நீ அதை எடுத்துக் காலேஜ் ஃபார்ம் நிரப்பினாய். அவ்வளவுதான். அழுதிருந்தாலோ கத்தியிருந்தாலோ எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த குளிர்காலம் பெரியவர் மறுபடி வந்தார், இன்னும் மெலிந்து. மிச்சக் கதை அப்போதுதான் வந்தது. அவர் அப்பாவை நாட்டு டீமில் ஒரே ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்களாம், வெளிநாட்டில். இந்த முறை சொந்தப் பெயரைக் கொடுத்தாக வேண்டும். பேப்பரில் வந்துவிட்டது. மேஸ்திரி பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "அங்கே சாப்பாடு போட்டார்களா?" என்று மட்டும் கேட்டாராம். அதற்குப் பிறகு தடுக்கவும் இல்லை, ஒரு ஆட்டத்துக்கு வரவும் இல்லை. அப்புறம் ஆட்டத்தில் பணம் வர ஆரம்பித்தது, இளம் பையன்கள் வந்தார்கள், இவருக்கு வயது முப்பது தாண்டிவிட்டது. ஒரு வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, பழைய ஆபீஸ் நாற்காலிக்கே போய்விட்டார். பிறகு அவர்கள் நாட்டில் உள்நாட்டுச் சண்டை வந்து மைதானத்தில் கோவேறு கழுதைகளைக் கட்டினார்களாம். சண்டை முடிந்ததும் சாணியை அள்ளிவிட்டு ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வயதான காலத்தில் விரல்கள் எல்லாம் கோணிக்கொண்டு சட்டைப் பட்டன் போட வராது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது பெரியவர்தான் போட்டுவிடுவாராம்.

அப்படிப் பட்டன் போடும்போது ஒரு நாள் அவர் அப்பா சொன்னாராம். "ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்து அந்தப் பக்கம் போனதும் நான் மைதானத்துக் கேட்டைப் பார்ப்பேன். அப்பா வந்திருக்கிறாரா என்று." பெரியவர் கேட்டிருக்கிறார், அவர் ஏன் ஒரு தடவைகூட வரவில்லை என்று. அதற்கு அந்தக் கிழவர், "ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மழையாக இருந்தது" என்றாராம். "ஃபிஃப்டீன் இயர், எவ்ரி சண்டே ரெயின்" என்று பெரியவர் என்னிடம் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பனுக்காக மகன் சாக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், சாகிற வயதில்கூட.

அந்த வாரம் உனக்கு ஃபைனல். அகாடமி எல்லாம் விட்டுவிட்டுப் பழையபடி பேச்சுலர் டீமில் நீ ஆடிக்கொண்டிருந்தாய். "வெள்ளிக்கெழம வர்றீங்களாப்பா?" என்று கேட்டாய். "டியூட்டிடா" என்றேன். இதுதான் தம்பி, காரில் சொல்லாதது. அந்த வெள்ளிக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை. எஞ்சினியர் குடும்பம் மஸ்கட் போயிருந்தது. உன்னிடம் வர முடியாது என்று சொல்லிவிட்டு, வீட்டில் இருக்கவும் முடியாமல், நீ கிளம்பிய பிறகு பின்னாலேயே வந்தேன். மைதானத்துக்கு வெளியே ஒரு தண்ணி டேங்கர் நின்றது. அதன் மறைவில் நின்று இருபது நிமிஷம் பார்த்தேன். ஒருத்தன் தனியாக ஓடி வந்து அடித்தான். அது போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நீ எங்கிருந்து எழுந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை, மணலில் விழும்போது பந்து உன் கையில் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு மலையாளிப் பையன் என்னைப் பார்த்து, "அண்ணா, அந்தக் கோல்கீப்பர் யாருன்னு தெரியுமா? நம்ம அஜ்மான் பையன்" என்றான். நான் தெரியாது என்று தலையாட்டினேன். பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சொன்னேன்.

பிறகு பந்து அந்தப் பக்கம் போனது. நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்தாய். எதற்காகவோ பார்த்திருக்கலாம், தண்ணீர் கொண்டுவருகிற ஆளைத் தேடியிருக்கலாம். என்னால் அப்படி நினைத்துக்கொள்ள முடியவில்லை. ஓடி வந்து முன்னால் நின்றிருக்க வேண்டும். இவ்வளவு நல்ல ஆட்டக்காரனைப் பூட்டி வைத்துவிட்டோம் என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது, அந்த முகத்தோடு உன் முன்னால் வர முடியவில்லை. திரும்பிப் போய்விட்டேன். சாயங்காலம் கப்போடு வந்தாய். "நீங்க வந்திருக்கலாம்பா, செம மேட்ச்" என்றாய். நான் கப்பைத் துடைத்து டிவி மேல் வைத்தேன். அப்போது உன் அம்மாவிடம், "அப்பாவுக்கு வெள்ளிக்கெழமதாம்மா டியூட்டி, பாவம்" என்று நீ சொன்னது அடுப்படியிலிருந்து எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். டிப்ளமோ முடித்தாய், ஆபீஸில் டிராயிங் காகிதங்களைக் கட்டி மேய்த்தாய், சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்குக் கோலில் நிற்கச் சொல்லிக்கொடுத்தாய், கோச்சிங் லைசென்ஸ் ஒவ்வொன்றாக எழுதி வாங்கினாய். அந்தக் கோச் ஊர் திரும்பிப் போன பிறகும் உன்னை மறக்கவில்லை. அவருடைய ஊர்க் கிளப்பில் பிள்ளைகளுக்குக் கோல்கீப்பிங் கோச் வேண்டும், வருகிறாயா என்று இந்த வருஷம் கேட்டார். விசா வந்து, நீ பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போன அன்றைக்கு நான் அதைக் கையால் தொடவில்லை. தொட்டால் கை பழைய புத்தியைக் காட்டிவிடுமோ என்று பயந்தேன்.

காரில் நான் "ஒரு விஷயம் சொல்லணும்டா" என்று ஆரம்பித்ததும் நீ போனைக் கவிழ்த்து வைத்தாய். சொல்லி முடித்தபோது ஷார்ஜா தாண்டவில்லை, டிராஃபிக் அப்படியே நின்றது. நீ, "காலேஜ் ஃபார்ம் நெரப்பும்போதே தெரியும்பா. விசாவுல போன வருஷத் தேதி இருந்துச்சு. ஸ்டாம்பிங்குன்னு சொன்னா புதுத் தேதியில்ல இருக்கணும்?" என்று சொல்லிச் சிரித்தாய். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. பொய் சொல்லத் தெரிந்த எனக்குத் தேதி பார்க்கத் தெரியவில்லை. "தெரிஞ்சும் ஏன்டா கேக்கல?" என்றேன்.

"கோச் உங்க நம்பர் கேட்டாருப்பா. அஞ்சாறு தடவை கேட்டாரு. நான் பேசுறேன், உங்க கம்பெனில பேசுறேன், பாஸ்போர்ட்ட வாங்கிடலாம்னாரு. நான் குடுக்கல. அப்பா ஊர்ல இருக்காருன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"மத்த பசங்க அப்பால்லாம் கோட்டு போட்டு வருவாங்க. நீங்க யூனிஃபார்மோட வந்து, 'எஸ் சார், ஓகே சார்'னு நிப்பீங்க. எனக்கு அது... சின்னப் பையன்ல அப்ப. அவரு பேசியிருந்தா நீங்க விட்டுருப்பீங்க. அது எனக்குத் தெரியும். அப்புறம் உங்கள எப்படிக் கேக்குறது?"

வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அடுத்த நிமிஷம் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீ சொன்னது சரிதான், நான் "எஸ் சார்" என்றுதான் நின்றிருப்பேன். பத்து வருஷம் ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, நீ என்னை மன்னித்தாயா என்று நான் பயந்திருக்கிறேன், நான் உன்னை மன்னிப்பேனா என்று நீ பயந்திருக்கிறாய். "ஆளுக்குப் பாதிப்பா" என்றாய். "இல்லடா, எனக்கு முக்கால்" என்றேன். "சரி, முக்கால்" என்று விட்டுக்கொடுத்தாய். நன்றாக இருந்தது.

தம்பி, புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் அப்பன் கடிதத்தில் புத்தி இல்லாவிட்டால் கடிதம் மாதிரியே இருக்காது. பயம் வந்தால் பயம் என்று சொல்லிவிடு. அதற்கு ஸ்டாம்பிங் என்று பெயர் வைக்காதே. நான் அன்றைக்கு "எனக்குப் பயமா இருக்குடா" என்று சொல்லியிருந்தால் நீ ஒருவேளை போயிருப்பாய், ஒருவேளை இருந்திருப்பாய், எதுவானாலும் நாம் சேர்ந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும். அப்புறம், நீ சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளில் யாராவது அடிக்கடி கேட்டைப் பார்த்தால், பந்தைப் பார் என்று உடனே அதட்டாதே. யாரைப் பார்க்கிறான் என்று விசாரி. அந்த அப்பனுக்கு நீயே போன் போடு. அவன் வேலை உடுப்போடு வந்தாலும் நாற்காலி போட்டு உட்கார வை.

கடைசியாக ஒன்று. எனக்காக நீ சாக்குச் சொல்லாதே. அந்த ஃபைனல் அன்று மழை இல்லை, டியூட்டி இல்லை. உன் அப்பன் இருபது அடி தூரத்தில் ஒளிந்து நின்றான். இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், போனில் திட்டு. எதைச் சொல்லியும் நீ என்னை விட்டுப் போக மாட்டாய் என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. இந்த நிம்மதி எனக்கு இவ்வளவு வயதாகித்தான் கிடைக்க வேண்டும் போலிருக்கிறது, கிடைத்தவரைக்கும் சந்தோஷம்.

அங்கே உள்ளூர் டீமில் உன்னையே கோலில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம், என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்டால் வரச் சொல்ல வேண்டியிருக்கும், எனக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பாய். நேற்று ஆபீஸில் லீவு ஃபார்ம் எழுதிக்கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் காரணம் என்ற இடத்தில் நான் ஊர் என்பதைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை, மேனேஜரும் படித்துப் பார்ப்பதில்லை. நேற்றும் பார்க்காமலே கையெழுத்துப் போடப் போய், பேனாவை நிறுத்தினார். "க்யா பாய், இஸ் பார் காவ் நஹி?" என்றார், இந்தத் தடவை ஊர் இல்லையா என்று.

"நஹி சார்" என்றேன். "மேரே பேட்டே கா மேட்ச் ஹை." என் மகன் ஆடுகிற மேட்ச்.

உன் அப்பா